உங்கள் காதும் என் நித்திரையும்

இன்று பின்னேரம் மழை பெய்து ஓய்ந்ததும், குசினிக்குப் பின்னால் பாத்திரம் கழுவின தண்ணீர் ஓடுகிற ஈர மண்ணுக்குள் பிள்ளைப்பூச்சி கத்தத் தொடங்கிவிட்டது. ஒரு விரல் நீளம்கூட இல்லாத பூச்சி. அரிசி ஆலையையே கொண்டுவந்து வளவுக்குள் இறக்கினதுபோல இரைச்சல். யாரும் கேட்காமலே என் வாய் "பிள்ளைப்பூச்சி" என்று சொல்லிவிட்டது. எனக்கே ஆத்திரமாக வந்தது. யாருக்குச் சொல்கிறேன்? நீங்கள் போய் ஒரு வருசம் முடிந்துவிட்டது.

"இஞ்சாரும், எழும்பும். இது என்ன சத்தம்?" நான் உங்களோடு குடும்பம் நடத்தின காலத்தில் மிகக் கூடுதலாகக் கேட்ட வசனம் இதுதான். சண்டை முடிந்து ஊர் திரும்பித் தறப்பாள் கொட்டிலில் இருந்தபோது உங்களைப் பிடித்த வியாதி அது. அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நாட்களில் இருட்டில் சருகு அசைந்தால் யாருக்குத்தான் நெஞ்சு இடிக்கவில்லை? ஆனால் கல்வீடு கட்டி, ஓடு போட்டு, மகள் படித்து வேலைக்கும் போன பிறகும் உங்களுக்கு அது மாறவில்லை. "எது எண்டு தெரிஞ்சால் நித்திரை வரும்" என்பீர்கள். தெரிந்ததும் உங்களுக்கு வரும். எனக்குப் போய்விடும்.

சுவர்க்கோழி அலுமாரிக்குப் பின்னால் கத்தினால் அலுமாரியை இழுக்க வேண்டும். முற்றத்தில் மூஞ்சூறு கீச்சிட்டால் ரோச் லைற்றோடு நான் பின்னால் வர வேண்டும். கூரைக்குள் ஏதோ ஓடியபோது எலி என்று நான் சொன்னேன். நீங்கள் நம்பாமல் ஏணி வைத்து ஏறினீர்கள். மரநாய், மூன்று குட்டிகளோடு. விரட்டுவீர்கள் என்று கீழே நின்றால், "பச்சைக் குட்டியளப்பா, வளரட்டும்" என்று சொல்லிக்கொண்டு இறங்கி வந்தீர்கள். அது வளர்ந்து போகுமட்டும் அந்த மணத்துக்குள் சமைத்தவள் நான். என் தங்கச்சி தங்க வந்த அன்று வேலியோரம் கழுதை கத்த, "பயப்பிடாதேங்கோ, கழுதை" என்று அறைக்கதவைத் தட்டிச் சொன்னீர்கள். கழுதை கத்தினது அவளுக்குக் கேட்கவேயில்லை. கதவு தட்டினதுக்குத்தான் பயந்தாள்.

ஊரும் உங்களைப் பார்த்துச் சிரித்தது. அதனால்தான் அன்றைக்கு ஒருவரும் வரவில்லை. விளக்கு வைக்கிற நேரம். வயல் பக்கமிருந்து ஒரு குரல். நீங்கள் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஒழுங்கைக்கு ஓடி, வழியில் நின்றவர்களைக் கூப்பிட்டீர்கள்.

"மயில், அண்ணை" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "மயில் கத்தினாலும் நாங்கள் வரவேணுமோ?"

"மயில் ஒரே மாதிரிக் கத்தும். இது வரவரக் குறையுது."

உங்களுக்குப் பொழுதுபட்டால் கண் தெரியாது. வரம்பில் விழுந்து காலை முறித்தால் பிறகு அதையும் நான்தான் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தேன். "வாயை மூடும் கொஞ்சம்" என்று நீங்கள் என்னை அதட்டினது அந்த ஒரு நாள்தான். வாயை மூடினேன். பிறகு எனக்கும் கேட்டது.

கட்டு இல்லாத வயல் கிணற்றுக்குள் பின்வீட்டுப் புஷ்பம். கன்றுக்குட்டியைத் தேடிப் போய் விழுந்திருக்கிறாள். கழுத்தளவு தண்ணீரில், ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு. நான் கத்திக்கொண்டே ஊருக்குள் ஓடினேன். ஆட்கள் கயிறோடு வருமட்டும் நீங்கள் கிணற்று விளிம்பில் குப்புறப் படுத்து, "விட்டிடாதை பிள்ளை, வாறாங்கள், வாறாங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்களாம். புஷ்பம்தான் பிறகு சொன்னாள்.

அதோடு என் நித்திரை முழுதாகப் போயிற்று. முன்னர் சிரித்தவர்களே, "அண்ணை, எங்கட கிணத்தடியில என்னவோ முனகுது" என்று வந்து கூப்பிடத் தொடங்கினார்கள். பாதி நாள் அது தேரையாகத்தான் இருக்கும். நீங்கள் ஏதோ பரிசு வாங்கினவர்போல நடந்து வருவீர்கள். தேத்தண்ணி போட நான் எழும்ப வேண்டும்.

ஒவ்வொரு சத்தத்துக்கும் என்னை எழுப்பினவர், போகும்போது மட்டும் ஒரு சத்தமும் போடவில்லை. பட்டப்பகலில், வரம்பில் இருந்தபடியே. அதற்கு உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

போன கிழமை உங்கள் ஆட்டைத்திவசம், முதல் வருசத்துத் திவசம். செத்தவீட்டில் எங்கள் மகள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று ஆட்கள் குசுகுசுத்தது உங்களுக்குத் தெரியாது. ஐயரைக் கூப்பிட்டது, கதிரை எடுப்பித்தது, வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தது எல்லாம் அவள்தான். திவசத்துக்கும் அப்படியே நின்றாள். பின்னேரம் வந்தவர்கள் போனதும் குளிக்கப் போனாள். கூரை மேல் தாங்கியிலிருந்து நெடுநேரமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"தாங்கித் தண்ணி முடியப்போகுது, போய்ச் சொல்லன்" என்றாள் திவசத்துக்கு வந்து நின்ற என் தங்கச்சி.

ஏசத்தான் போனேன். கதவடிக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. தண்ணீருக்குக் கீழே இன்னொரு சத்தம். துணியை வாயில் அடைத்துக்கொண்டால் வருகிற சத்தம். தங்கச்சிக்கு அது கேட்டிருக்காது. ஊரில் ஒருவருக்கும் கேட்டிருக்காது.

"பிள்ளை, அம்மா இஞ்ச இருக்கிறன்."

உள்ளே பைப்பை இன்னும் கூடத் திறந்தாள். பிறகு, "ஒண்டுமில்லையம்மா, பைப் சத்தம்" என்றாள்.

"ஓம், ஓம்" என்றேன். ஆனால் போகவில்லை. இப்படி ஒரு காதை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறீர்களே, இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று உங்களை மனதுக்குள் ஏசிக்கொண்டு, நல்ல சீலையோடு அந்த ஈர நிலத்தில் கதவில் சாய்ந்து இருந்தேன். தாங்கி முடிந்து தண்ணீர் நின்றது. அதன் பிறகு அவள் வாயிலிருந்து துணியை எடுத்துவிட்டுச் சத்தமாக அழுதாள்.