எகிப்துச் செடிக்கு ஒரு பொன்னாடை

ஆவணி 8, ஞாயிறு

பொன்னாடை நாற்காலி மேல் கிடக்கிறது. அதைத் தொடப் பிடிக்கவில்லை.

கருமத்தம்பட்டி மண்டபத்தில் இன்று நான் ஆராய்கிற பழங்கால எகிப்தியச் சொல்லைப் பற்றிப் பேசினேன். அந்தக் கால மருத்துவ ஏடு ஒன்றில் ஒரே ஒரு முறை வருகிற சொல் அது. சொல்லின் கடைசியில் செடியின் படம் வரைந்திருப்பதால் ஏதோ செடி என்று தெரிகிறது. எந்தச் செடி என்று யாருக்கும் தெரியாது. அகராதிகள் ஊகித்த செடி ஒவ்வொன்றும் ஏன் பொருந்தாது என்று காட்டியதுதான் இத்தனை வருடமாக நான் செய்த வேலை.

முன்வரிசைப் பெரியவர் கேட்டார். “அப்ப அது என்ன செடிங்க அம்மணி?”

“தெரியலைங்க.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். என் வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. மேடைக்கு வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

“இவிங்க அடக்கமாச் சொல்றாங்க. அது நம்மூரு ஆவாரஞ்செடிதானுங்க! இங்கிருந்துதான் அங்க போயிருக்குது!”

கைதட்டல் நிற்கவே இல்லை. மறுத்துப் பேசினால் அத்தனை பேர் முன்னால் அவருக்கு அவமானம். பெரியவர் பொன்னாடையை விரித்தபோது குனிந்து வாங்கிக்கொண்டேன்.

“காப்பாத்திப்போட்டேன் பாத்தியா கண்ணு,” என்றார் காரில். பாசமாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

தெரியாது என்பதைத்தான் நான் கண்டுபிடித்திருந்தேன். இனி அது யாருக்கு வேண்டும்?

இப்போது ஊர் வாட்ஸ்அப் குழுவில் என் படம் வந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு கொத்து ஆவாரம்பூ. கண்டுபிடித்தவர் என்று என் பெயர்.