வயிற்றுக்குள் வைத்த வலை

பாளையங்கோட்டை,
10 ஜூன் 2025

பிரியமுள்ள ஹம்ஸினிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். போனிலும் அப்படித்தான் சொன்னேன், பக்கத்தில் மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். எழுத்தில்தான் உண்மை வரும். போன வருஷம் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்து, தசையைத் தாங்க வயிற்றில் வலை வைத்தார்களே, அந்தத் தழும்பின் ஓரத்தில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. என் வீட்டுக்காரர் ஜாபேஸுக்குக்கூடத் தெரியாது.

தனியாக ஒரு லேபுக்குப் போய், ஊசி குத்திக் கட்டியைச் சோதித்துப் பார்த்தேன். ரிப்போர்ட்டில் 'ஜயன்ட் செல்' என்று போட்டிருக்கிறது. ராட்சத செல் என்றால் புற்றுதானே? டாக்டரிடம் காட்டலாம் என்றால் அங்கே நர்ஸ் சாலோமி அக்கா, எங்கள் சபை. சபையே கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகையில் மைக்கைப் பிடித்து, "பூரண சுகம் பெற்றேன்" என்று அத்தனை பேர் முன்னால் சாட்சி சொன்னவள் நான். இப்போது கட்டியோடு போய் நின்றால், "ஏட்டி, கர்த்தரையே பொய்யாக்கிட்டியே" என்பார்கள். இந்த மாதிரி வலைகளைத்தானே நீ லேபில் ஆராய்கிறாய், நீயே சொல். ஜாபேஸிடம் மட்டும் மூச்சு விடாதே, சத்தியம் செய்.

உன் ஹெப்சிபா

பெங்களூரு,
16 ஜூன்

அடி அசடே ஹெப்சி,

புற்று இல்லை. முதலில் ஒரு செம்பு தண்ணீர் குடி.

அந்நியமாக எது வந்தாலும் விழுங்கிவிடுகிற வெள்ளையணுக்கள் நம் உடம்பில் உண்டு. கிருமி என்றால் ஒரு அணுவே போதும். உன் வலையின் இழையோ அந்த அணுவைவிடப் பெரிது. விழுங்க முடியாமல் திணறும்போது பக்கத்து அணுவோடு அது கலந்துவிடும். இன்னொன்று வந்து சேரும், பிறகு இன்னொன்று. எல்லாம் ஒரே உடம்பாகி இழைமேல் படர்ந்து கிடக்கும். அதுதான் ஜயன்ட் செல். தினம் பார்க்கிறேன், ஒட்டினால் லேசில் விடாது. வலை வைத்தவர்களுக்கெல்லாம் இருக்கும். இதில் உன் சாட்சிக்கு என்ன குறை வந்தது?

சத்தியம் செய்கிறேன். ஆனால் அந்த இடம் சுட்டாலோ, கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

ஹம்ஸினி

பாளையங்கோட்டை,
2 ஜூலை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதத்தை வேதப்புத்தகத்தில் வைத்திருக்கிறேன். ஊசி குத்தியதிலிருந்து இப்போதுதான் தூங்குகிறேன்.

வெயில் என்ன வெயில்! தழும்புப் பக்கம் சுடுகிறது, சேலைகூட ஈரமாகிறது. வியர்வைதான். நேற்றுக் குளிர் எடுத்துப் பல் கிட்டியது. "ஆத்துல முங்கிட்டு ஈரத்தோட நின்னா நடுக்கத்தாம்ட்டி செய்யும்" என்று மாமியார் கஷாயம் கொடுத்தார்கள். உன் செல்கள் வேலை செய்கின்றன என்று நினைத்துக்கொண்டேன்.

ஹெப்சிபா

பெங்களூரு,
7 ஜூலை

ஹெப்சி,

போனை ஏன் எடுக்கமாட்டேன் என்கிறாய்? அது வியர்வை இல்லை, சீழ். வலை இழைகளின் இடுக்கில் கிருமி ஒளிந்துகொண்டால் மருந்துக்கும் எட்டாது. ரத்தத்தில் இறங்கினால் நான் என்ன செய்வேன்?

உன் முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். இதைப் போட்டோ எடுத்து ஜாபேஸ் அண்ணாவுக்கு அனுப்பிவிட்டுப் போன் போடுகிறேன். கோபித்துக்கொள். உயிரோடு இருந்து கோபித்துக்கொள்.

ஹம்ஸினி

ஆஸ்பத்திரி,
8 ஜூலை

ஹம்ஸினி,

எனக்குக் கோபம்தான். ஜாபேஸ் ஒரு வார்த்தை திட்டவில்லை. "எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா" என்று ஆட்டோவில் அழுதார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

சாலோமி அக்கா சேலையை விலக்கித் தழும்பைப் பார்த்ததும் முகம் மாறி, டாக்டரைக் கூப்பிட ஓடினார்கள். நாளைக் காலை வலையை எடுக்கிறார்கள். குடலும் அதோடு ஒட்டிக் கிடக்கிறதாம், பிரிக்கும்போது கிழியலாம் என்று சொல்லி ஜாபேஸிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

பயமாக இருக்கிறது. இதைச் சாலோமி அக்காவிடமே சொல்லிவிட்டேன், சாட்சியைப் பற்றியும் சொன்னேன். "போட்டி கிறுக்கி, எனக்கே பயமாத்தான் இருக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் கையும் சில்லென்று இருந்தது.

இதை ஜாபேஸ் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவார்கள். விளக்கம் எதுவும் எழுதாதே, பஸ் ஏறி வா. நான் கண் விழித்தால் கோபித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

ஹெப்சி