வெள்ளிக்கிழமைத் தப்படிகள்

களக்காடு
6-9-92

அன்புள்ள சிகாமணிக்கு,

சர்க்கரை வியாதியில் உன் காலைத்தான் எடுத்தார்கள், குரலை எடுக்கவில்லை. என் வாழைக்காய் மண்டியில் உன்னைப்போல் ஏலம் கூற ஆள் கிடையாது. ஆனால் தார் வரிசையோடு நடந்துதான் கூறவேண்டும். தை பிறக்கும்வரை உன் இடத்தில் யாரையும் போடமாட்டேன்.

என் விலாசம் எழுதிய பதினெட்டு கார்டு இத்துடன். வெள்ளிதோறும், செயற்கைக்காலை மாட்டி எத்தனை தப்படி நடந்தாய் என்று எழுது. மனசு வரட்டும் என்று காத்திராதே. அப்படி இருந்திருந்தால் நான் இன்னும் தலைச்சுமையாகத்தான் காய் விற்றுக்கொண்டிருப்பேன். உன் வீட்டுக்காரி, தங்கச்சி சாரம்மாளை விசாரித்ததாகச் சொல்.

காசிலிங்கம்

விக்கிரமசிங்கபுரம்
18-9-92

காசி, 40 தப்படி. வலி உண்டு. சாரம்மாள் சுகம்.

தேவசிகாமணி

களக்காடு
25-10-92

அன்புள்ள சிகாமணிக்கு,

ஆறாவது கார்டு வந்தது. 260! எல்லாவற்றையும் மண்டிச் சுவரில் வரிசையாகக் குத்தியிருக்கிறேன். காய் எடுக்க வந்த ஜமீலா பீவி பார்த்துவிட்டு, "ஒத்தக்காலோட அவுஹ இந்த நடை நடக்காவ. ரெண்டு கால் வச்சிருக்க ஒம்ம ஆளுவ ஏன் அண்ணாச்சி இப்படி ஊருதானுவ?" என்றாள். மண்டியே சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கலை, லே.

காசிலிங்கம்

விக்கிரமசிங்கபுரம்
13-11-92

காசி, 420 தப்படி. ஆற்றுப் படித்துறைவரை போய், வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

தேவசிகாமணி

களக்காடு
22-11-92

சிகாமணி,

பதிமூன்றாம் தேதிக் கார்டு நேற்றுத்தான் வந்தது. அன்றைக்குத் தாமிரபரணி வீடு வாசலை வாரிக்கொண்டு போனது. நீ படித்துறையில் வெயில் காய்ந்திருக்கிறாய்!

சுவரிலிருந்த கார்டுகளை மேஜையில் பரப்பிப் பார்த்தேன். ஒரே மை, ஒரே சாய்வு. ஒரே இருப்பில் உட்கார்ந்து எழுதியவை. புகைபோட்டுப் பழுக்கவைத்த தாரை என்னிடமேவா விற்கிறாய்? ஒருநாளாவது எழுந்து நின்றாயா, லே? வருகிற ஞாயிறு நேரில் வருகிறேன். நீ நடப்பதைப் பார்த்த பிறகுதான் உன் வீட்டில் கை நனைப்பேன்.

காசிலிங்கம்

விக்கிரமசிங்கபுரம்
25-11-92

அன்புள்ள காசிக்கு,

நிற்கவில்லை. முதல் நாள் செயற்கைக்காலை மாட்டியதும் விழுந்தேன். அன்று மதியமே பதினெட்டு கார்டையும் எழுதிச் சாரம்மாளிடம் கொடுத்து, வாரத்துக்கு ஒன்றாகத் தபாலில் போடச் சொன்னேன். "காணிக்கை போடுத மாதிரி பொய்யப் போடச் சொல்லுதியளே" என்றாள். ஆனாலும் போட்டாள். உன் பாராட்டு வரவர, எழுந்திருக்க அவசியமே இல்லாமல் போயிற்று. நாற்காலியில் இருந்தபடியே 260 நடந்தவன் எதற்கு இன்னொரு தரம் விழவேண்டும்?

வெள்ளத்தன்று காலையிலேயே அந்தக் கார்டைப் பெட்டியில் போட்டுவிட்டாள். பிறகு தெருவுக்குள் தண்ணீர் வந்தது. என்னை முதுகில் சுமந்துகொண்டு மேட்டுக்கு ஏறினாள். வழியில் இரண்டு தரம் விழுந்தாள். அன்றைக்குப் படுத்தவளுக்கு இடுப்பு நிமிரவில்லை. நிமிராது என்றுதான் டாக்டரும் சொல்கிறார்.

அவளுக்குக் கஞ்சி வைக்க வேறு ஆள் இல்லை. அதனால் கதவு நிலையைப் பிடித்து எழுகிறேன். அடுப்படிவரை எத்தனை தப்படி என்று உனக்குச் சொல்லமாட்டேன். சொன்னால் அதோடு நின்றுபோகும் என்று பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வராதே. என் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடு. இனி நீ கடிதம் எழுதினாலும் நான் பிரிக்கப்போவதில்லை, காசி.

தேவசிகாமணி