நீ வருமுன் பிரித்த பந்தல்

என்னடி,

இன்று காலை பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். புதுசு. காய்கறிப் பையோடு கடந்த என் மூக்கில் அந்த மை நெடி ஏறியது. நிமிர்ந்து பார்த்தேன். கழுத்தில் மெடலோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். வெளியூரில் நடந்த பெரிய போட்டியில் கடலில் நீந்தி, சைக்கிள் மிதித்து, அதற்கு மேல் ஓடியும் முடித்திருக்கிறாளாம். நல்ல பெண், நன்றாக இருக்கட்டும். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அடியில் போட்டிருந்த வரிதான் என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. 'மூன்றையும் ஒன்றாக முடித்த முதல் காஞ்சிபுரத்துப் பெண்.'

முதல் பெண்ணாம்!

ஏணியில் நின்றவரைக் கூப்பிட்டேன். "ஏம்பா, இது தப்பு. எங்க காலத்துலயே எங்க ஸ்கூல் டிரில் டீச்சர் இதை முடிச்சிருக்காங்க." அவர் மரியாதையாகத்தான் கேட்டார். "அப்படிங்களாம்மா? போட்டோ எதுனா இருக்குதா? பேப்பர்ல வந்துச்சா?"

வரவில்லை. வரவிடவில்லை. இதை நடுத்தெருவில் ஏணியில் நிற்கிற ஆளுக்கு எப்படி விளக்குவது? வீட்டுக்கு வந்து உனக்கு எழுதுகிறேன். அன்று நடந்தது தெரிந்த இன்னொரு ஆள் நீதான், நீயும் போய்விட்டாய்.

எழுபதுகளின் தொடக்கம். நீ டிரில் டீச்சர், நான் சரித்திரம். பொங்கலை ஒட்டி ஒரு வாலிபர் சங்கம் பந்தயம் வைத்தது. ஏரியை நீந்திக் கடக்க வேண்டும். அங்கிருந்து சைக்கிளில் திருமுக்கூடல் வரை போய்த் திரும்ப வேண்டும். பிறகு திருப்பருத்திக்குன்றத்துக்கும் ஊருக்குமாக இரண்டு முறை ஓடிவந்து மைதானத்தில் முடிக்க வேண்டும். ஆண்கள் மட்டும் என்று நோட்டீஸில் எங்கும் இல்லை. அப்படிப் போட வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

நீ பேர் கொடுக்கப் போனபோது சங்கத்து ஆள், "அண்ணனுக்கா டீச்சர்?" என்று கேட்டாராம். "எனக்குத்தான்" என்றாயாம். விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்து எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு விடியற்காலைகளில் நீ பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வயல் கிணற்றில் மூச்சு வாங்க வாங்க நீந்துவாய். அண்ணன் பால் கேன் கட்டும் கனத்த சைக்கிளின் கேரியரைக் கழற்றிவிட்டு வேகவதிப் பாலத்தில் ஏறி இறங்குவாய். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு பிள்ளைகளுக்கு விசில் ஊத வந்துவிடுவாய்.

பந்தயத்தன்று ஏரிக்கரையில் உன்னைப் பார்த்ததும் சங்கச் செயலாளருக்கு முகம் மாறிவிட்டது. பெரிய ஜவுளிக்கடைக்காரர் மகன். உன் கால்சட்டையைப் பார்த்தார், பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"டீச்சர், வெளையாடாதீங்க. பொம்பளைங்களுக்கு மத்தியானம் கோலப் போட்டி இருக்குது."

"எனக்குக் கோலம் வராது சார். நீச்சல்தான் வரும்."

"ஊர்ல நாலு பேரு பேசுவாங்கம்மா."

"அவுங்க பேசிக்கினு இருக்கட்டும், நான் அதுக்குள்ள அக்கரைக்குப் போயிட்றேன்."

கொடி அசைந்ததும் மற்றவர்களோடு நீயும் குதித்துவிட்டாய். நான் உன் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கரையோடு ஓடினேன். மறுகரையில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள், நான் கேட்காமலே, என் கையிலிருந்த புடவையை வாங்கிச் சுற்றிப் பிடித்தார்கள். அதற்குள் நின்று நீ ஈரம் மாற்றினாய். "யக்கா, இன்னாத்துக்கு இந்த ஓட்டம்?" என்று ஒருத்தி கேட்டாள். "தெரியலமா, போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினாய்.

திருமுக்கூடலில் நடந்தது நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். போய்ச் சேர்ந்தவர்களின் முன்கையில் முத்திரை குத்த அங்கே ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். நீ கையை நீட்டினாய். அவர் முத்திரையை மடியில் வைத்து மூடிக்கொண்டார். "லேடீஸுக்குக் குத்தச் சொல்லலமா." உனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிப் போக, நீ அங்கேயே நின்று வாதாடியிருக்கிறாய். கடைசியில், "அப்படின்னா என் மூஞ்சிய நல்லாப் பாத்து வெச்சிக்கோங்க. நான் வந்தேன்னு மட்டும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாய். அந்த மனிதர் அன்று சாயங்காலம் செயலாளரிடம் என்ன சொன்னார் தெரியுமா? என் காதாலேயே கேட்டேன். "பொம்பளை யாரும் அங்க வரல."



மைதானத்தில் நான் காத்திருந்தேன். முதலில் வந்தவருக்குக் கோப்பை கொடுத்தார்கள், மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். பின்னால் வந்தவர்களுக்கும் கைதட்டல். அப்போது சைக்கிளில் ஒருவர் விரைந்து வந்து செயலாளரின் காதில் ஏதோ சொன்னார். நீ ஊருக்குள் நுழைந்துவிட்டாய் என்ற செய்திதான் அது. செயலாளர் எழுந்து, "போதும், பிரிங்கப்பா" என்றார்.

"சார், இன்னும் ஆளுங்க ஓடிக்கினு இருக்காங்க. டீச்சர் வந்துக்கினு இருக்காங்க" என்றேன்.

"நேரமாச்சும்மா. விருந்தாளிங்க கெளம்பிட்டாங்க."

"அந்தக் கயிறாவது இருக்கட்டும் சார். அதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?"

என் கண்ணெதிரே கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார்கள். பந்தல் துணியை இறக்கினார்கள். மேஜையைத் தலையில் தூக்கிக்கொண்டு போனார்கள். நீ வளைவில் திரும்பி உள்ளே வந்தபோது அங்கே நான்கு மூங்கிலும், வாழை இலைக் குப்பையும், நானும்தான் இருந்தோம். உதடு வெடித்திருந்தது. ஒரு காலில் செருப்பில்லை. எங்கே முடிப்பது என்று தெரியாமல் நாலாப்பக்கமும் பார்த்தாயே, அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. "இங்கடி, இங்க!" என்று கத்தினேன். இரண்டு மூங்கிலுக்கு நடுவே ஓடிவந்து என்மேல் விழுந்தாய்.

அதோடு முடிந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். சற்று நேரத்தில் நொண்டிக்கொண்டே ஒரு இளைஞர் வந்தார், பட்டு முறுக்கும் பட்டறையில் வேலை செய்கிறவர். கிளம்பிப் போயிருந்த செயலாளர் பாதி வழியில் திரும்பி ஓடிவந்து, தன் தோளிலிருந்த துண்டையே அவருக்குப் போர்த்தினார். "கடைசி ஆளா வந்தாலும் விடாம முடிச்ச பாரு, நீதான்பா வீரன்!"

அந்தத் தம்பி மூச்சு வாங்கிக்கொண்டே உன்னைக் காட்டினார். "எனக்கு முன்னாடி அக்கா வந்துட்டாங்க சார். நான்தான் அவங்க பின்னாடியே வந்தேன்."

"நீ தண்ணி குடிப்பா" என்று செயலாளர் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுவாரம் பள்ளித் தாளாளர் உன்னைக் கூப்பிட்டார். துணைக்கு வருகிறேன் என்று நானும் உள்ளே வந்தேன். "பொண்ணுங்க படிக்கிற எடம். ஈரத் துணியோட ஊரே பாக்க நின்னிருக்கே" என்றார். "ஏரியில எறங்குனா ஈரமாத்தான் சார் ஆவும்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்டால் வேலை இருக்கும் என்றார். "எதுக்குன்னு சொல்லுங்க சார், கேக்கறேன்" என்றாய். அவராலும் எதற்கென்று சொல்ல முடியவில்லை. நான், "இவங்க என்ன தப்பு செஞ்சாங்க? நம்ம பிள்ளைங்க இவங்களப் பாத்து ஓடக் கத்துக்கறது தப்பா?" என்று குரலை உயர்த்தினேன். என்னை வெளியே நிற்கச் சொன்னார். கோடை விடுமுறையோடு உன் வேலை போயிற்று. அடுத்த வருஷம் அந்தப் பள்ளியில் டிரில் பீரியடே கிடையாது. அந்த நேரத்தில் தையல் சொல்லிக் கொடுத்தார்கள்.

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன். நீ அதைக் கடந்து போய்விட்டாய். வேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் சேர்ந்தாய், கல்யாணம் செய்துகொண்டாய், பிள்ளைகளை வளர்த்தாய். நான் எப்போது பேச்செடுத்தாலும், "நான் முடிச்சேன்டி. அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். போதாதா?" என்பாய். போதாது என்று நான் கத்துவேன். "உனக்கு ரத்தக் கொதிப்புதான் ஏறும்" என்று காப்பியை என் பக்கம் நகர்த்துவாய். உன் காரியத்தன்று உறவினர்கள் உன் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தார்கள், உன் பொறுமையைப் புகழ்ந்தார்கள். ஒருவர்கூட அந்த ஏரியைப் பற்றிப் பேசவில்லை. நான் எழுந்து நின்று சொன்னேன். உன் மகன் வாயைப் பிளந்து கேட்டான். "அம்மாவா? சொல்லவே இல்லையே!" நீ அவனுக்குக்கூடச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போது யாரிடம் போய்க் கேட்பேன்?

ஆனால் நீ போவதற்கு முந்தைய மாதம், மருத்துவமனையில், நீயாகவே சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியபடியே, "அன்னிக்கு வூட்டுக்குப் போய்க் கெணத்துல எறங்கினேன்டி. தண்ணிக்குள்ள தலைய முக்கிக்கினு அழுதேன். வெளிய கேக்கக் கூடாதுன்னு" என்றாய்.

நான் உன் காலைப் பிடித்துவிடுவதை நிறுத்தவில்லை.

"உனக்கு இன்னும் கோவமா?" என்று கேட்டாய்.

"ஆமாம்."

"எனக்கும்தான்" என்றாய். இத்தனை வருஷத்தில் அதை நீ சொன்னது அந்த ஒரு முறைதான். "நான் எறக்கி வெச்சிட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இல்ல போல. நீயே வெச்சிக்கோ."

வைத்திருக்கிறேன்.