கொறற்றிக்கு அனுப்பிய குளிசை

டோர்ட்மண்ட்

அன்புத் தங்கச்சி கொறற்றிக்கு,

மாதாவின் காவலில் நான் சுகம். உன் நெஞ்சுவலி எப்படி? நேற்றுப் போனில் எல்லாவற்றுக்கும் "ஓம் அக்கா" என்றாய். உன் ஓமை எனக்குத் தெரியும், அதனால் எழுதியும் விடுகிறேன்.

இரத்தம் கட்டாமலிருக்கத் தந்த குளிசை எனக்கு வேலை செய்யுதோ என்று டாக்டருக்குச் சந்தேகம். பேத்தி எவ்லினுக்கு அந்த டாக்டரின் கிளினிக்கில்தான் வேலை. "அம்மம்மா, வாயைத் திறவுங்கோ, கதைக்கக் கூடாது" என்று பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உள்ளே துடைத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினாள். கெட்டிக்காரி. அந்தக் குளிசை என் உடம்பில் சரியாக வேலை செய்யாதாம், பிறவியிலேயே அப்படியாம். வேறு தந்துவிட்டார்கள், பயப்படாதே.

மிச்சக் குளிசையை ஊருக்கு வந்த அம்புறோஸிடம் உனக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னேன். எவ்லினின் முகம் மாறிவிட்டது.

"கூடப்பிறந்தவைக்கும் அப்பிடி இருக்கலாம் அம்மம்மா. அங்கத்தைய டாக்டர் தந்ததை விட்டிட்டு அவ இதைப் போட்டால்?"

வெளிநாட்டு மருந்தென்று ஆசையாக வைத்திருப்பாய். போடாதே. உன் டாக்டர் தந்ததை நிறுத்தாதே. இதைப் போட்டிருந்தால் இன்றே அவரிடம் சொல்.

அம்புறோஸ் திரும்பும்போது மோர்மிளகாய் கொடுத்துவிடு. பகலில் வீட்டில் தனியே சாப்பிட ருசியில்லை. வேலைக்குப் போக எவ்லின் சப்பாத்துப் போட்டுவிட்டாள், இதைத் தபாலில் சேர்க்க அவளிடம் கொடுக்க வேண்டும். பதிலை நீயே எழுது. கூடப்பிறந்ததில் எனக்கு மிஞ்சியது நீ ஒருத்திதான்.

அக்கா,
பிலோமினா