கூட்டத்துக்கு வந்த பிரியாணி

நாவலேரி,
தாம்பரம் வழி,
மே 2007

நிஷா அப்பாவுக்கு,

கீதா எழுதுவது. நானும் நிஷாவும் சௌக்கியம். ஷார்ஜாவில் வெயில் இங்கே இருப்பதை விட அதிகம் என்று டி.வி.யில் சொன்னார்கள். மதியத்தில் வெளி வேலை என்றால் தலையில் துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

இதற்குள் உங்கள் அண்ணன் போன் செய்திருப்பார். போனில் நான் ஆரம்பித்தால் "சரி, சரி" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் சொன்னது உண்மைதான். பேரூராட்சிக் கூட்டத்தில் அவர் ஓட்டல் சாப்பாட்டை நிறுத்தியது நான்தான்.

நான் கவுன்சிலராகப் போன நாளிலிருந்து பார்க்கிறேன், கூட்டம் என்றால் மட்டன் பிரியாணி, வறுவல், கூல் டிரிங்ஸ். எல்லாம் பேரூராட்சிப் பணம். இந்த முறை கூட்டமே தண்ணீருக்காகத்தான். நம் தெரு அடிபம்பில் காற்றுதான் வருகிறது. எதிர்வீட்டுக் கங்கையம்மாள் அக்கா பெண்களைத் திரட்டிக்கொண்டு, காலிக் குடத்தோடு ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார்.

உள்ளே தலைவர், லாரித் தண்ணீருக்கு நிதி இல்லை என்று முடித்துவிட்டார். அடுத்த தீர்மானம் கூட்டச் சாப்பாட்டுச் செலவுக்கு ஒப்புதல். அதற்குள் பொட்டலம் வந்து, சிலர் பிரித்துச் சாப்பிடவும் ஆரம்பித்துவிட்டார்கள். கங்கையம்மாள் அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்து, "நாங்க சோறு வடிக்கத் தண்ணி இல்லாம நிக்கிறோம், இவங்க பிரியாணி துன்னுகினு கீறாங்க" என்றது எல்லார் காதிலும் விழுந்தது.

நான் எழுந்து, இந்தச் செலவு வேண்டாம், அந்தப் பணத்தில் லாரி விடுங்கள் என்றேன். தலைவர் சிரித்தார். "எல்லா ஊர்லயும் நடக்கறதும்மா. உன் வூட்டுக்காரரோட அண்ணன் ஓட்டல்தான, உனக்கின்னா பேஜாரு?" என்றார். சொந்தக்காரர் ஓட்டல் என்பதால்தான் நான் பேசியே ஆகவேண்டும் என்றேன். ஓட்டெடுப்பு வையுங்கள், யார் எந்தப் பக்கம் என்று மினிட்ஸில் எழுதுங்கள் என்றும் கேட்டேன்.

முதலில் என் பக்கம் கை தூக்கியவர் ஞானஜோதி டீச்சர், பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று கவுன்சிலரானவர். மற்றவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். ஜன்னல் முழுக்க அவரவர் வார்டுப் பெண்களின் முகம். ஒவ்வொரு கையாக உயர்ந்தது. தலைவர் பக்கம் ஆறு பேர்தான். வலது கையில் எண்ணெயும் சோறும் இருந்ததால் இடது கையைத் தூக்கினார்கள். வெளியே எழுந்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. தீர்மானம் தோற்றது. சாப்பிட்டவர்கள் சொந்தப் பணம் கொடுங்கள் என்று டீச்சர் சொல்ல, தலைவர் தன் பர்ஸை எடுத்தாரே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்த வாரமே லாரி வந்தது. டிரைவருக்கு ஒரு மாலை, எனக்கு ஒரு மாலை. வரிசையில் உங்கள் அண்ணியும் இரண்டு குடத்தோடு நின்றார். நிரம்பும் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. குடத்தை இடுப்பில் வைத்தபின், "அவரு கோவத்துல கீறாரு. நீ செஞ்சது சரிதான் கீதா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

உங்கள் அண்ணன் இன்னும் நம் வாசலை மிதிக்கவில்லை. என்னை ராஜினாமா செய்ய வைக்கும்படி உங்களிடம் கேட்டிருப்பார். தேர்தலில் நிற்காதே என்று நீங்களும்தான் சொன்னீர்கள். பிறகு நோட்டீஸ் அடிக்கப் பணம் அனுப்பியதும் நீங்கள்தான். அவர் மறுபடி கேட்டால், "அது கீதா முடிவு" என்று மட்டும் சொல்லுங்கள். எனக்கு அது போதும்.

ஆடியில் லீவு கிடைக்கும் என்றீர்கள். இப்போது தெருவில் உங்களுக்குப் பெயர் "கவுன்சிலர் வூட்டுக்காரர்". அப்படிக் கூப்பிடும்போது நீங்கள் தலை நிமிர்ந்து திரும்பிப் பார்க்க வேண்டும். அதற்கு முத்தாலம்மன் துணை இருக்கட்டும்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
கீதா