தக்கையும் சிவப்புக் கொக்கியும்

மார்ச் 4
இன்று மார்லேனி டீச்சரின் முதியோர் வகுப்பில் 'படகு' என்று எழுதினேன். இத்தனை வருடம் கடலில் ஓட்டியதை இன்றைக்குத்தான் காகிதத்தில் ஓட்டுகிறேன்!

மார்ச் 9
லிபார்தோவின் படகு நேற்று மூழ்கிவிட்டது. மழைத்தண்ணீர் வடிய, படகின் அடி ஓட்டையை அடைக்கும் தக்கையைப் பிடுங்கியவன் திரும்பச் செருக மறந்துவிட்டான். கடல் ஓதம் இறங்கினால் கால்வாய் சேறாகிவிடும். அதற்குள் கிளம்பும் அவசரம். ஆட்கள் நீந்திப் பிழைத்தார்கள்.

என் மகள் நிதியாவுக்கு நீச்சல் தெரியாது. தினமும் கணவன் படகில்தான் புவெனாவெந்துரா சந்தைக்கு நண்டு விற்கப் போகிறாள்.

மார்ச் 10
கரையில் கூட்டம். "கவனமா இருக்கணும்" என்று எல்லோரும் எல்லோருக்கும் சொன்னார்கள். பிறகு, ஒரு பலகை வைப்பதாக முடிவு. "புதுசா எழுத வந்த கை, நீங்களே எழுதுங்க" என்றார் மார்லேனி டீச்சர். எழுதினேன்: தக்கையைப் பார். அழகாகத்தான் வந்தது.

ஆனால் — ஓடுகிறவன் எங்கே பலகை படிக்கிறான்?

மார்ச் 12
கண்டுபிடித்துவிட்டேன்! எஞ்சினில் ஒரு சிவப்புக் கொக்கி உண்டு. அதை மாட்டாவிட்டால் கிளம்பாது. அதையும் தக்கையையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டேன். பிடுங்கிய தக்கை எங்கேயோ, கொக்கியும் அங்கே; தக்கையை மறந்தால் எஞ்சின் கிளம்பாது. என் படகில் கட்டினேன். கேட்காமல் மருமகன் ஃப்ளோரெஸ்மீரோ படகிலும்.

"நான் என்ன பச்சப்புள்ளையா, மாமா?" என்று குதித்தான். கத்தியை எடுத்து அறுத்தான்.

"லிபார்தோ மட்டும் பச்சப்புள்ளையா?"

"அவன் குடிகாரன்."

"அன்னிக்கு அவன் குடிக்கலடா. உனக்கு அவசரமே வராதா?"

மார்ச் 13
மறுபடி கட்டினேன்.

மார்ச் 14
அறுத்தான். கட்டினேன். அறுக்கட்டும். எங்கிட்ட கயிறு நிறைய இருக்கு.

மார்ச் 17
"வீட்டுல தினம் சண்டைப்பா. விட்டுடுங்க" என்றாள் நிதியா. வாழைக்காய் வறுவல் கொடுத்து அனுப்பினேன். விடவா? மாட்டேன். படகுல உக்காரப்போறவ அவதானே?

மார்ச் 21
எனக்கே நடந்தது! மீன் வந்திருக்கிறது என்றார்கள், ஓடினேன். படகைத் தண்ணீரில் தள்ளி எஞ்சினை இழுத்தேன், இழுத்தேன் — கிளம்பவில்லை. கொக்கியைக் காணோம். நேற்று பிடுங்கிய தக்கையோடு வீட்டு ஆணியில் தொங்குகிறது! குனிந்தால் கணுக்கால்வரை தண்ணீர்.

கரையே சிரித்தது. "பலகை எழுதினவரே படிக்கலையா, மாமா?" என்று கத்தினான் மருமகன்.

படகில் உட்காரும் கட்டைமேல் ஏறி நின்று நானும் கத்தினேன். "படிக்கலடா! அதுக்குத்தான் கயிறு! வேலை செய்யுது பாத்தியா!"

எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன்.

மார்ச் 25
விடியலில் கயிறும் கையுமாகப் போனேன். நிதியா நண்டுக்கூடையோடு படகில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மருமகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொக்கியை மாட்டினான். அதிலிருந்து ஒரு கயிறு தக்கைவரை போயிற்று. முடிச்சு என்னுடையது இல்லை. கொஞ்சம் நீளமாகத்தான் விட்டிருக்கிறான். நாளைக்குச் சொல்கிறேன்.

வருகிற வழியில் பலகையைப் படித்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது.